கொலைகாரனுக்கும் சாதகம் எழுதலாமா?

வாசகர் கேள்வி பதில்

வன்குற்றம் புரிவோரின் உளவியலைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்புக்கு எதிர்பாராத அளவில் கடிதங்கள் வந்தன. அவற்றுள் ஆறினை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: குற்றம் நடந்த இடத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே கொலையாளியின் வயது, தொழில், உடை, தாயோடு அவனுக்கிருந்த உறவு என எல்லாவற்றையும் சொல்லிவிடும் உளவியலாளர்களைத் தொலைக்காட்சித் தொடர்களில் காண்கிறோம். உண்மையில் அது முடியுமா, ஐயா? எனக்கு அத்துறையைப் படிக்க ஆசை. (உயர்தர வகுப்பு மாணவி, உவர்மலை)

பதில்: ஆசை நல்லது, பிள்ளை. ஆனால் படிக்கப் போகுமுன், குற்றத்தைப் பார்த்து ஆளைக் கணிக்கும் ‘குற்றவாளி வரைவு’ என்ற இந்தக் கலையின் பூர்வீகக் கதைகளைக் கொஞ்சம் கிளறிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

1888 நவம்பரில், லண்டனில் பெண்களைத் தொடர்ந்து கொன்றுவந்த ‘ஜாக் த ரிப்பர்’ விவகாரத்தில், தோமஸ் பொண்ட் என்ற பொலிஸ் சத்திரசிகிச்சை மருத்துவர் கொலையாளியைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். உடல்வலுவும் துணிவும் உள்ளவன், பார்வைக்குச் சாதுவானவன், நடுத்தர வயதினன், மரியாதையாக உடுத்துபவன் என்பது அவர் வரைந்த உருவம். கொலையாளி கடைசிவரை பிடிபடவில்லை. ஆகவே அந்தக் குறிப்பு சரியா பிழையா என்று இன்றுவரை எவராலும் சொல்ல முடியாது.

அடுத்த கதை இன்னும் புகழ்பெற்றது. 1940 முதல் 1956 வரை நியூயோர்க் நகரில் முப்பதுக்கு மேற்பட்ட குண்டுகளை வைத்த ஒருவனைப் பற்றி, ஜேம்ஸ் பிரசல் என்ற மனநல மருத்துவர் பல கணிப்புகளைச் சொன்னார். பிடிபடும்போது அவன் இரட்டை மார்புக் கோட்டைப் பொத்தான் பூட்டி அணிந்திருப்பான் என்பதும் அவற்றுள் ஒன்று. 1957 ஜனவரியில் ஜோர்ஜ் மெட்டெஸ்கி என்பவரைப் பொலிஸார் நள்ளிரவை அண்டிய நேரத்தில் இரவு உடையில் கண்டு, உடை மாற்றி வரச் சொன்னபோது, அவர் அத்தகைய கோட்டோடுதான் வந்து நின்றார். இந்தக் காட்சியைச் சொல்லாத பாடநூல் இல்லை எனலாம். அவரைக் காட்டிக்கொடுத்தது எது என்பதைச் சொல்வோர் தொகைதான் குறைவு. வேலையில் காயப்பட்டு நட்டஈடு மறுக்கப்பட்ட பழைய ஊழியர்களின் கோப்புகளை மின்சார நிறுவனமொன்றின் எழுதுவினைஞரான அலிஸ் கெலி என்ற பெண் பொறுமையாகப் புரட்டி, குண்டு வைத்தவன் பத்திரிகைக்கு எழுதிய கடிதங்களில் இருந்த அதே சொற்றொடர்கள் ஒரு கோப்பில் இருப்பதைக் கண்டார். அந்தக் காலத்து அமெரிக்காவில் இரட்டை மார்புக் கோட் அணியாத கண்ணியவான்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பது வேறு விடயம்.

அமெரிக்க மத்திய புலனாய்வுத் துறையான எப்.பி.ஐ. இத்துறைக்கென 1972 இல் ஒரு பிரிவை அமைத்தது. அதன் அதிகாரிகள் சிறையிலிருந்த 36 பாலியல் கொலையாளிகளைப் பேட்டி கண்டு, குற்றங்களை ‘ஒழுங்கமைந்தவை’, ‘ஒழுங்கற்றவை’ என இரண்டாகப் பிரித்தனர். திட்டமிட்டு, ஆயுதம் கொண்டுவந்து, தடயம் மறைத்துச் செல்பவன் படித்தவனாகவும் குடும்பம் உள்ளவனாகவும் இருப்பான். அலங்கோலமாக விட்டுச் செல்பவன் தனியனாகவும் வேலையற்றவனாகவும் இருப்பான் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். கேட்கும்போது நெஞ்சுக்கு ஒத்துப்போகிறது. பேட்டிக்கு ஒத்துக்கொண்டவர்களை மட்டும் வைத்துக் கட்டப்பட்ட கருத்து இது என்பதையும், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கூட்டம் இருக்கவில்லை என்பதையும் எவரும் அவ்வளவாகப் பேசவில்லை. 2004 இல் பிரித்தானிய உளவியலாளர் டேவிட் கன்டரும் அவருடைய சகாக்களும் 100 தொடர்கொலையாளிகளின் குற்றங்களை எடுத்து, 39 அம்சங்களாகப் பிரித்து, எவை எவற்றோடு சேர்ந்து வருகின்றன என்று கணக்கிட்டனர். ஒழுங்கமைந்த அம்சங்கள் ஏறக்குறைய எல்லாரிடமும் கலந்து கிடந்தன. இரண்டு கூட்டம் என்று பிரிக்கக்கூடிய கோடு எங்கும் தென்படவில்லை.

இதைவிட ஆழமான அடி 2002 இல் விழுந்தது. ஒரே மாதிரிக் குற்றம் செய்பவர்கள் ஒரே மாதிரி ஆட்களாக இருப்பார்கள் என்பதே இக்கலை முழுவதற்கும் ஆதாரமான எடுகோள். மோக்ரோஸ், அலிசன் என்ற இரு ஆய்வாளர்கள், முன்பின் அறியாத பெண்களைப் பாலியல் வன்புணர்வு செய்த 100 பிரித்தானிய ஆண்களின் பதிவுகளை எடுத்து, குற்றத்தில் ஒத்திருந்தவர்கள் வயது, வேலை, கல்வி, முன்குற்றம் ஆகியவற்றிலும் ஒத்திருந்தார்களா என்று பார்த்தனர். ஒத்திருக்கவில்லை. அத்திவாரத்திலேயே வெடிப்பு என்றால் மேல்மாடியை எப்படி நம்புவது?

இப்படி வரைவு எழுதும் ‘வரைவாளர்கள்’ மற்றவர்களைவிடத் திறமையாகக் கணிக்கிறார்களா என்பதையும் பரீட்சித்திருக்கிறார்கள். 1990 இல் பினிசோட்டோவும் ஃபிங்கலும் 28 பேரை வைத்து நடத்திய சோதனையில், பாலியல் குற்ற வழக்கில் வரைவாளர்கள் முந்தினர். கொலை வழக்கில் அந்த மேன்மை மறைந்தது. 2000 இல் அவுஸ்திரேலியாவில் கொக்சிஸ் நடத்திய சோதனையில் பொலிஸார், உளவியலாளர், மாணவர் ஆகியோரோடு குறிசொல்வோரும் பங்குபற்றினர். வரைவாளர்கள் சற்று மேலே வந்தனர் என்றாலும் அவர்கள் மொத்தமே ஐந்து பேர்தான். இத்தகைய ஆய்வுகளை 2007 இல் ஒன்றுதிரட்டிப் பார்த்த கனடிய ஆய்வாளர் ஸ்னூக்கின் குழு, வரைவாளர்களின் மேன்மை மிகச் சிறியது, அதுவும் எல்லா வகைக் கணிப்பிலும் நிலைப்பதில்லை என்ற முடிவுக்கு வந்தது.

அப்படியானால் இது ஏன் இவ்வளவு பொருத்தமாகத் தோன்றுகிறது? சில ஆண்டுகளுக்கு முன் உப்புவெளியில் ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பட்டறை ஒன்றில் நான் எல்லாரிடமும் பிறந்த தேதியும் நட்சத்திரமும் எழுதி வாங்கினேன். மறுவாரம் ஒவ்வொருவருக்கும் பெயரெழுதி ஒட்டிய காக்கி உறையைக் கொடுத்து, உள்ளே இருந்த குணவிவரம் எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னேன். பெரும்பாலோர் நான்கும் ஐந்தும் போட்டனர். சல்லியிலிருந்து வந்திருந்த ஆசிரியை ஒருவர் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, தம் வீட்டு விடயம் எனக்கு எப்படித் தெரிந்தது என்று தணிந்த குரலில் கேட்டார். பிறகு உறைகளைப் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றச் சொன்னேன். எல்லாவற்றிலும் ஒரே தாள். மண்டபமே சிரித்தது. அந்த ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1948 இல் பேர்ட்ரம் போரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 39 மாணவர்களிடம் இதையே செய்தபோது அவர்கள் கொடுத்த சராசரிப் புள்ளி 4.26. சோதிடப் புத்தகத்திலிருந்துதான் வாக்கியங்களை அவர் எடுத்திருந்தார்.

பொலிஸாரும் இதற்கு விலக்கில்லை. 2003 இல் அலிசனின் குழு உண்மையான ஒரு வரைவைப் பொலிஸ் அதிகாரிகளிடம் கொடுத்து, பாதிப் பேருக்கு உண்மையான குற்றவாளியின் விவரத்தையும், மற்றப் பாதிக்கு முற்றிலும் வேறுபட்ட ஒரு கற்பனை ஆளின் விவரத்தையும் காட்டியது. இரு பக்கத்தாரும் வரைவு நன்றாகப் பொருந்துவதாகவே சொன்னார்கள்.

கேள்வி: இருபது ஆண்டுகளுக்கு மேல் பொலிஸ் சேவையில் இருந்தவன் நான். ஆளைக் கண்டவுடன் எங்களுக்கு உள்ளுக்குள் ஒன்று சொல்லும். பல தடவை அது சரியாகவும் இருந்தது. ஏட்டுப் படிப்பாளர்கள் இதை ஏன் ஏளனம் செய்கிறார்கள்? (ஓய்வுபெற்ற பொலிஸ் உத்தியோகத்தர், கிண்ணியா)

பதில்: ஏளனம் செய்யவில்லை, ஐயா. அனுபவத்தின் பயனை ஆய்வாளர்களும் பதிந்திருக்கிறார்கள். 1995 இல் கொப்சன் என்பவர் பிரித்தானியாவில் உளவியல் ஆலோசனை பெறப்பட்ட 184 வழக்குகளின் புலனாய்வாளர்களிடம் விசாரித்தபோது, ஐந்தில் நான்கு பங்குக்கும் அதிகமானோர் அது பயனுள்ளதாக இருந்தது என்றனர். குற்றவாளியை அடையாளம் காண அது உதவியதா என்று கேட்டபோது விடை 2.7 சதவீதமாக இறங்கிவிட்டது. பயனுள்ளதாகத் தோன்றுவதற்கும் ஆளைப் பிடித்துத் தருவதற்கும் இடையே இருக்கும் தூரம் அவ்வளவு.

உள்மனம் சரியாகச் சொன்ன நாள்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம்; பிழையாகச் சொன்னவை பதிவேட்டில் ஏறுவதில்லை. 1992 ஜூலையில் லண்டனின் விம்பிள்டன் பொதுவெளியில் இளந்தாய் ஒருவர் தம் இரண்டு வயது மகனின் கண்முன்னே குத்திக் கொல்லப்பட்டார். உளவியலாளர் ஒருவர் வரைவு எழுதினார். அது அப்பகுதியில் நாயோடு உலாவும் ஒரு தனிமனிதருக்குப் பொருந்துவதாகப் பொலிஸார் கருதினர். அவரைக் காதலிப்பதுபோல் நடிக்கப் பெண் பொலிஸ் ஒருவரை மாதக்கணக்கில் அனுப்பி, வன்முறைக் கற்பனைகளைப் பேசவைத்து, அதையே சான்றாக்கி வழக்குத் தொடர்ந்தனர். 1994 இல் நீதிபதி அச்சான்றைத் தூக்கி எறிந்தார், வழக்குச் சரிந்தது. அதற்கிடையே, 1993 நவம்பரில், உண்மையான கொலையாளியான ரொபேர்ட் நாப்பர் இன்னொரு தாயையும் அவருடைய நான்கு வயது மகளையும் கொன்றிருந்தான். விம்பிள்டன் கொலையை அவன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது 2008 டிசம்பரில். அவனை இனங்காட்டியது மரபணுச் சோதனை. அந்தத் தவறான வரைவு எடுத்துக்கொண்டது ஓர் அப்பாவி சந்தேகத்தின் நிழலில் கழித்த ஆண்டுகளை மட்டுமே என்று சொல்லிவிட முடியாது என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

2002 ஒக்டோபரில் வோஷிங்டன் நகரைச் சுற்றிப் பத்துப் பேர் தூரத்திலிருந்து சுட்டுக் கொல்லப்பட்டபோதும், தனியனான வெள்ளையினத்தவன் என்றே தொலைக்காட்சி நிபுணர்கள் பேசினர். பொலிஸார் வெள்ளை வாகனமொன்றைத் தேடினர். பிடிபட்டவர்கள் நீலக் காரில் உறங்கிக்கொண்டிருந்த கறுப்பினத்தவர் இருவர். ஒருவனுக்கு வயது 17.

எங்கோ நடந்தது என்று இருந்துவிட வேண்டாம். 2011 ஓகஸ்டில், உடலில் கிறீஸ் பூசிக்கொண்டு பெண்களைத் தாக்குபவன் என்று பேசப்பட்ட கிறீஸ் பூதப் பீதி நாட்டைப் பிடித்து ஆட்டியதையும், உங்கள் கிண்ணியாவில் அது மக்களுக்கும் படையினருக்கும் இடையே மோதல்வரை போனதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாள்களில் பல ஊர்களில் நடைவியாபாரிகளும் வழிதவறி வந்தவர்களும் தோற்றத்துக்காகவே மறித்து அடிக்கப்பட்டார்கள். ‘இவன்தான் அவன்’ என்று உள்மனம் சொன்னதை நம்பித்தான் அடித்தவர்களும் அடித்தார்கள்.

கேள்வி: அப்படியானால் இதில் எதுவுமே உருப்படி இல்லையா? (கடைக்காரர், தம்பலகாமம்)

பதில்: இருக்கிறது. ஆளின் மனத்தைவிட அவனுடைய காலடியைக் கணிப்பது சுலபம்.

1980களில் லண்டனின் தொடருந்து நிலையங்களை அண்டிப் பல பெண்கள் தாக்கப்பட்டனர், மூவர் கொல்லப்பட்டனர். டேவிட் கன்டர் குற்றங்களின் தேதியையும் இடத்தையும் வரைபடத்தில் ஏற்றி, ஆரம்பக் குற்றங்கள் குவிந்திருந்த பகுதியில்தான் அவன் குடியிருக்க வேண்டும் என்றார். ஏற்கெனவே பொலிஸாரின் நீண்ட பட்டியலில் ஆயிரத்துக்கு அப்பால் எங்கோ கிடந்த ஜோன் டஃபி என்பவன் மேலே வந்தான். அவனைக் குற்றத்தோடு பிணைத்ததோ அவன் பெற்றோர் வீட்டில் கிடைத்த ஒருவகை நூற்கயிறு. பிறகு 1993 இல் 45 தொடர் பாலியல் குற்றவாளிகளை ஆராய்ந்தபோது, ஒருவனுடைய குற்றங்களில் மிகத் தூரமான இரண்டையும் விட்டமாகக் கொண்டு வட்டம் வரைந்தால், 39 பேருடைய வீடு அந்த வட்டத்துக்குள்ளேயே விழுந்தது. கனடாவில் பொலிஸ் அதிகாரியாக இருந்த கிம் றொஸ்மோ இதைக் கணினிச் சூத்திரமாக்கினார். வீட்டுக்கு மிக அருகே செய்தால் அடையாளம் காணப்படுவான். மிகத் தூரம் போனால் செலவும் அலைச்சலும் கூடும். இரண்டுக்கும் இடைப்பட்ட வளையமே அவனுடைய வேட்டைநிலம்.

ஆனால் வட்டத்தை நம் திருகோணமலை வரைபடத்தில் வரைந்து பாருங்கள்: பாதி கடலுக்குள் போய்விடும். கொட்டியாரக் குடாவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் மூதூர் கண்ணுக்கெட்டும் தூரம். தரைவழியே போவதானால் கிண்ணியாவைச் சுற்ற வேண்டும். 2009 இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவில் ‘பாதை’ என்ற மிதவையில் ஏறிக் கடந்தவர்களுக்கு, மாலை மங்கியபின் அக்கரை என்பது வேறொரு நாடு. பாலம் வந்தபின் அதே தூரம் மோட்டார் சைக்கிளில் சில நிமிடம். இலண்டனில் கணித்த சூத்திரத்தை இங்கே கொண்டுவருமுன் அந்தச் சில நிமிடங்களை யாராவது அளக்க வேண்டும். உண்மையில், 2004 இல் ஸ்னூக் காட்டியதுபோல, ‘குற்றங்களின் நடுவே வீடு இருக்கும்’ என்ற ஒரு வரியைச் சொல்லிக்கொடுத்தாலே சாதாரண ஆட்கள் கணினிக்கு ஏறத்தாழ நிகராகப் புள்ளி வைத்துவிடுகிறார்கள். நம் கிராமத்து விதானைமார் இதை எப்போதோ அறிந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. இன்னும் சில இரவுகளில் பாயை நனைக்கிறான். போன மாதம் பூனைக்குட்டியின் வாலில் கயிறு கட்டி இழுத்தான். இவை கொலைகாரர்களின் சிறுவயது அடையாளங்கள் என்று இணையத்தில் பார்த்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. (ஒரு தாய், மூதூர்)

பதில்: அம்மா, முதலில் இந்த ‘மூன்று அடையாளங்கள்’ எங்கிருந்து வந்தன என்று சொல்கிறேன். 1963 இல் மக்டொனால்ட் என்ற மனநல மருத்துவர், பிறரைக் கொல்லப்போவதாக மிரட்டிய 100 நோயாளிகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அவர்களில் சிலரிடம் சிறுவயதில் படுக்கை நனைத்தல், தீவைத்தல், பிராணிகளை வதைத்தல் ஆகிய மூன்றும் இருந்ததாகக் கண்டார். கவனியுங்கள்: அவர்கள் மிரட்டியவர்கள், கொன்றவர்கள் அல்லர். பின்வந்த ஆய்வுகள் அந்த மூன்றையும் வருங்கால வன்முறைக்கு முன்னறிகுறியாக நிறுவவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் படுக்கையை நனைக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு அது பத்து வயது தாண்டியும் நீடிப்பதுண்டு. பெரும்பாலும் இது பரம்பரையாக வருவது. தகப்பனிடமோ மாமன்மாரிடமோ மெல்லக் கேட்டுப் பாருங்கள்.

பிராணிவதை சற்றுத் தனியாகப் பார்க்கவேண்டியது. ஒரு நாள் குறும்பாக இழுத்தது ஒன்று. மறைந்திருந்து, திரும்பத்திரும்ப, அது துடிப்பதை ரசித்துச் செய்வது வேறு. இரண்டாவது வகையாயின், அந்தப் பிள்ளை வீட்டிலோ பள்ளியிலோ தானே அடிபடுகிறானா என்றுதான் நான் முதலில் கேட்பேன். பூனைக்குட்டியின் வாலை அவன் பிடித்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள், அவன் அழுதானா, குட்டியை மறுநாள் தடவினானா என்பவற்றை எழுதிக்கொண்டு, மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். அங்கே போவதால் பிள்ளையின் நெற்றியில் எதுவும் எழுதப்பட்டுவிடாது.

கேள்வி: வரும்முன்னரே ஆபத்தானவர்களைச் சோதித்துப் பிரித்து வைத்தால் என்ன? (பல்கலைக்கழக மாணவர், நிலாவெளி)

பதில்: ஒரு லட்சம் பேரில் பத்துப் பேர் கொலை செய்யப்போகிறவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் ஒரு சோதனை இருப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள்; அப்படி ஒன்று இல்லை. அது அந்தப் பத்தில் ஒன்பது பேரைப் பிடிக்கும். கூடவே அப்பாவிகள் 9,999 பேரையும் பிடிக்கும். சிறைக்குள் ஒன்பது பேருக்காகப் பத்தாயிரம் பேர்.

கணக்கு மட்டுமன்றி நடப்பும் இதையே சொன்னது. 1966 இல் அமெரிக்க உயர்நீதிமன்றத் தீர்ப்பொன்றினால், மிக ஆபத்தானவர்கள் என்று காவல் மனநல மருத்துவமனைகளில் அடைத்து வைக்கப்பட்டிருந்த 967 பேர் சாதாரண மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டனர். ஊரே நடுங்கியது. அடுத்த நான்கு ஆண்டுகளில் காவல் மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்ப வேண்டிவந்தவர் மிகச் சிலரே.

நீங்கள் சட்டம் படிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நம் நாட்டின் 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45 ஆம் பிரிவு நிபுணர் கருத்தை ஏற்கிறது. 54 ஆம் பிரிவோ, எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவன்) தன் நன்னடத்தைக்குச் சான்று அளித்தாலன்றி, அவனுடைய தீய குணத்தைக் குற்ற வழக்கில் பொருத்தமற்றது என ஒதுக்கிவிடுகிறது. ‘இத்தகைய ஆள்தான் இதைச் செய்திருப்பான்’ என்ற வரைவு எந்தப் பிரிவில் போய் முட்டும் என்பதை உங்கள் விரிவுரையாளரிடமே வாதாடிப் பாருங்கள்.

கேள்வி: மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், மூத்தவள் வேறு கணவனோடு சண்டையிட்டு வந்து நிற்கிறாள். எந்த மாதிரி ஆணுக்குப் பெண்கள் பயப்பட வேண்டும் என்று ஆய்வுகள் ஏதும் சொல்லவில்லையா? (தாயார், பாலையூற்று)

பதில்: சொல்கின்றன, வேறெந்தக் கேள்வியையும்விட இதற்குத்தான் உறுதியான விடை இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் கணக்கின்படி 2023 இல் உலகெங்கும் கொல்லப்பட்ட ஏறத்தாழ 85,000 பெண்கள், சிறுமியருள் 51,100 பேரைக் கொன்றவர்கள் துணைவரோ குடும்பத்தவரோதான். இருட்டில் நிற்கும் அந்நியனைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் பாதியையாவது வீட்டுக்குள் இருப்பவனுக்கு ஒதுக்கியிருக்கலாம்.

அமெரிக்கத் தாதியும் ஆய்வாளருமான ஜக்குலின் கம்பல், கணவராலோ காதலராலோ கொல்லப்பட்ட பெண்களின் வரலாற்றை, அடிபட்டும் உயிரோடிருக்கும் பெண்களின் வரலாற்றோடு ஒப்பிட்டார். அவனுடைய குணத்தை அவர் ஆராயவில்லை. அவன் என்னென்ன செய்தான் என்று கேட்டார். கொல்வேன் என்று மிரட்டியது, ஆயுதத்தை எடுத்தது, எங்கே போகிறாள் வருகிறாள் என்று ஒவ்வொன்றையும் கட்டுப்படுத்தியது, அவள் பிரிந்து போனது அல்லது போக முற்பட்டது ஆகியவை ஆபத்தைக் கூட்டின. எல்லாவற்றிலும் கவனிக்கவேண்டியது கழுத்தை நெரித்தல். ஒரு தடவையேனும் கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பின்னர் அதே ஆளால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்கு என்று 2008 இல் வெளியான ஆய்வு காட்டியது. தழும்பு தெரியாததால் பலர் இதைச் சண்டைக்கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மூத்த மகளிடம் இன்றைக்கே தனியாக இருந்து கேளுங்கள்: “கழுத்தில் கை வைத்தானா, பிள்ளை?” ஆம் என்றால், சமாதானம் பேசி அனுப்பிவைக்க உறவினர் வருமுன், 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளைக்கு விண்ணப்பியுங்கள். அவளுக்காகப் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள்களுக்கும், பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரைக்கும் செல்லும். வழி தெரியாவிட்டால் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.